அச்சைத் தொடும் கருவியா, தொடாத கருவியா: இங்க்ஜெட் படங்களுக்குக் கோட்டிங் பூசுவது

இங்க்ஜெட்டில் அச்சடித்த புகைப்படத்தைக் காக்க அதன்மேல் கோட்டிங், அதாவது தெளிந்த காப்புப் படலம், பூச எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், ஒருவர் ஃபோம் ரோலர் என்பார், இன்னொருவர் ஸ்ப்ரே கன் என்பார், மூன்றாமவர் டின்னில் வரும் ஸ்ப்ரேயே போதும் என்பார். மூவரும் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் மூவரும் மூன்று வேறு அச்சுகளை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கருவி வாங்கக் கிளம்புமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த அச்சின் மேற்பரப்பைக் கருவி தொடலாமா? ரோலர், பிரஷ், கம்பி சுற்றிய கோல் எல்லாம் தொடுபவை. ஸ்ப்ரே தொடாது. மை, தாள், கோட்டிங்கில் இருக்கும் கரைப்பான் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். விலையும் வேகமும் அதற்குப் பிறகுதான்.

பருத்தி நாரில் செய்த மேட் தாளை எடுத்துக்கொள்வோம். ஹானமூலே ஃபோட்டோ ராக் போன்ற தாளில் பிக்மென்ட் மை அடிக்கும்போது, ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள நிறத்துகள்கள் மேலே பூசப்பட்ட மை உறிஞ்சும் அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. அடர்ந்த கறுப்பில் விரல் நகம் லேசாகப் பட்டாலே கோடு விழும். அதன் மேல் ஈர ரோலரை உருட்டினால் இரண்டு கேடு. நீர் இறங்கியதும் உறிஞ்சும் அடுக்கு இளகிவிடும். இளகிய இடத்தை ரோலரின் ஒட்டும்தன்மை பிடித்து இழுக்கும். கறுப்பு ரோலரில் ஏறி அடுத்த சுற்றில் வெள்ளைப் பகுதியில் இறங்கும். தாளும் நீரைக் குடித்து நெளியும். காய்ந்த பிறகும் அந்த நெளிவு முழுதாகப் போகாது. ஆகவே மேட் பருத்தித் தாளுக்கு ரோலரும் பிரஷும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு விதிவிலக்குத் தேடுவதில் பயனில்லை.

ஆர்.சி. தாள் எனப்படும் பளபளப்பான ஸ்டூடியோ தாளில் சிக்கல் வேறு. இருபுறமும் பாலிஎதிலீன் போர்த்திய தாள் அது; மேலே நுண்துளைகள் நிறைந்த மை அடுக்கு. நீர் சார்ந்த அக்ரிலிக் அதன்மேல் சமமாகப் பரவாமல் திட்டுத் திட்டாகச் சுருங்கி நிற்கும், காய்ந்த பிறகு உரிந்தும் வரலாம். அச்சு சாய மையில், அதாவது டை மையில், அடிக்கப்பட்டிருந்தால் நீர் பட்டதும் நிறம் கரைந்து ஓடும். ஆனால் கோட்டிங் மிகவும் தேவைப்படுவதும் இதே சேர்க்கைக்குத்தான். 2000ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 பிரிண்டர்கள் வந்த புதிதில், நுண்துளைப் பளபளப்புத் தாளில் எடுத்த படங்கள் சில இடங்களில் வெகுசீக்கிரமே ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின. காற்றிலுள்ள ஓசோன் துளைகள் வழியே புகுந்து சயான் சாயத்தை அழித்ததே காரணம். துளைகளை மூடினால் ஓசோன் எளிதில் நுழையாது. நீர் உதவாத இடத்தில் வேறு கரைப்பானில் கரைத்த அக்ரிலிக்கைத் தொடாமல் தூவுவதே வழி.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் காது குடையும் பஞ்சுக்குச்சி போதும். அச்சின் ஓரத்தில், படத்துக்கு வெளியே, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு, முழு நீலம் ஆகிய மூன்று பட்டைகளையும் சேர்த்தே அடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்து, நீரில் தொட்ட குச்சியால் ஒவ்வொரு பட்டையிலும் பத்துமுறை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் நீர் சார்ந்த கோட்டிங்கைத் தொடுகருவியால் பூச முடியாது. நிறம் ஏறாமல் பட்டையின் பளபளப்பு மட்டும் மாறினால், முதலில் ஸ்ப்ரேயில் ஒரு மெல்லிய காப்பு கொடுத்துவிட்டு ரோலருக்குப் போகலாம். இரண்டும் இல்லையென்றால் ரோலருக்குத் தடையில்லை. மேட் பருத்தித் தாள் மட்டும் சோதனை எப்படி வந்தாலும் ரோலருக்கு வேண்டாம்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் அச்சுக்குக் கோட்டிங்கே தேவையில்லை. கண்ணாடி அந்த வேலையைச் செய்துவிடும். பூசிய அக்ரிலிக்கைப் பின்னால் மையைக் கெடுக்காமல் கழற்றுவதும் நடைமுறையில் முடியாத காரியம். கண்ணாடி இல்லாமல் தொங்கும் கேன்வாஸ், கைக்குக் கை மாறும் போர்ட்ஃபோலியோ தாள், சுவரில் நேராக ஒட்டும் படம் இவற்றுக்கே இந்தப் பாடு.

இன்னொரு பொது விதி: அடித்த அன்றே பூசாதீர்கள். மையில் உள்ள கிளைகால் போன்ற மெதுவாக ஆவியாகும் பொருள்கள் வெளியேற 24 மணி நேரமாவது வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு நாள். அவை உள்ளே மாட்டிக்கொண்டால் கோட்டிங்கின் அடியில் மங்கல் படரும், பிடிப்பும் குறையும்.

கேன்வாஸுக்கு ரோலர்

பிக்மென்ட் மையில் அடித்த, நீர் தாங்கும் பூச்சுள்ள கேன்வாஸ்தான் ரோலருக்குப் பொருத்தமான இடம். துணி நெளியாது, நெசவின் மேடுபள்ளம் சிறு குறைகளை மறைத்துவிடும். நெசவுக் குழிகளுக்குள் கோட்டிங்கை அழுத்தி இறக்குவதும் ரோலரால் முடியும், ஸ்ப்ரேயால் அவ்வளவாக முடியாது. சட்டத்தில் இழுத்து மடிக்கும் விளிம்பில் வெள்ளையாக வெடிப்பது கேன்வாஸின் பழைய நோய். இழுப்பதற்கு முன்பே இரண்டு சுற்றுப் பூசிக் காயவிட்டால் அது வெகுவாகக் குறையும்.

எந்த ரோலர்? பெயிண்ட் கடையில் சுவருக்கு விற்கும் 9 அங்குல நூல் ரோலர் வேண்டாம். அதன் நூல் உதிர்ந்து படத்தில் ஒட்டும். கோட்டிங்கையும் அளவுக்கு மீறிக் குடித்துக்கொள்ளும். கேட்க வேண்டியது எனாமலுக்கு விற்கும் அடர்த்தியான ஃபோம் ரோலர். விரலால் அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும்; துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவையாக இருக்க வேண்டும். துளை பெரிதானால் நுரையும் பெரிதாகும். முனை சதுரமாக வெட்டியிருந்தால் ஓரத்தில் தண்டவாளம்போல இரட்டைக் கோடு விழும், ஆகவே முனை உருண்டதாகப் பாருங்கள். 4 அங்குல ரோலர் ஏ3 அளவு வரை போதும். 60 செ.மீ. அகலம் வரையுள்ள கேன்வாஸுக்கு 6 அங்குலம் வசதி. புது ரோலரை முதலில் மாஸ்கிங் டேப்பின் பசைப்பக்கத்தில் இரண்டு மூன்று முறை உருட்டித் துகளை எடுத்துவிட்டு, நீரில் நனைத்து, பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள். வறண்ட ரோலர் முதல் சுற்றிலேயே காற்றை நுரையாகக் கக்கும்.

எவ்வளவு கோட்டிங் வேண்டும் என்பதை ஊகிக்கவே வேண்டாம். 1 சதுர மீட்டரில் 1 மைக்ரான் ஈரப்படலத்துக்குச் சரியாக 1 மில்லி தேவை. கேன்வாஸில் ஒரு சுற்றுக்கு 75 மைக்ரான் ஈரம் நல்ல தொடக்கம். 20க்கு 30 அங்குலப் படம், மடிப்புக்கு நான்கு பக்கமும் 2 அங்குலம் சேர்த்தால் 24க்கு 34 அங்குலம், அதாவது 0.53 சதுர மீட்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு 40 மில்லி. ரோலரும் டிரேயும் குடிப்பதற்குத் தனியாகக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு மிஞ்சும் தடிமன் கோட்டிங்கின் திடப்பொருள் அளவைப் பொறுத்தது: கன அளவில் 30 சதவீதம் திடப்பொருள் இருந்தால் 75 மைக்ரான் ஈரம் காய்ந்து 22 மைக்ரான் சொச்சமாகும். பல் பல்லாக வெட்டிய ஈரப்படல அளவுகோல் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கை பழகும்வரை உதவும். ஆனால் நெசவின் மேல் அதன் அளவீடு முன்பின்னாக இருக்கும் என்பதால் வழவழப்பான பிளாஸ்டிக் தாளில் உருட்டி அளந்து பழகுங்கள்.

நீர் சார்ந்த கோட்டிங்கைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் புகும் நுரை அடங்கப் பல மணி நேரம் ஆகும். தட்டையான கரண்டியால் அடி தட்டும்படி மெல்லக் கலக்கி, பெயிண்ட் வடிகட்டிக் கூம்பில் வடித்து, அரை மணி நேரம் சும்மா விடுங்கள். நீர்க்க வேண்டுமானால் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் மட்டும், அதுவும் டிஸ்டில்ட் வாட்டரில். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அக்ரிலிக் துகள்களைத் திரளவைத்து வெள்ளைப் பொடிபோலப் படத்தில் இறக்கிவிடும். கோட்டிங்கோடு கேன்வாஸும் ரோலரும் ஒரே அறையில் சில மணி நேரம் இருந்திருக்க வேண்டும், ஏ.சி. அறையிலிருந்து எடுத்த குளிர்ந்த கோட்டிங் கெட்டியாக இருக்கும், சமமாகப் படியாது.

கேன்வாஸை வழவழப்பான பலகையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். மென்மையான அகலப் பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். டிரேயின் சரிவில் ரோலரை உருட்டி உருட்டி, சுற்றிலும் ஒரே அளவு ஏறியதும் படத்தின் நடுவிலிருந்து தொடங்குங்கள். அளந்து வைத்த கோட்டிங்கில் முக்கால் பங்கை முதல் ஒரு நிமிடத்திலேயே நீளவாக்கில் பரப்பிவிட வேண்டும். அடுத்து மீதியோடு குறுக்குவாக்கில் ஒரு முறை, இதில் சற்று அழுத்தம் வேண்டும், குழிகளில் இறங்க. கடைசியாக நீளவாக்கில், ரோலரின் சொந்த எடை மட்டும் படும்படி, ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை நிற்காமல் இழுங்கள். அடுத்த வரிசை முந்தையதில் மூன்றில் ஒரு பங்கை மூட வேண்டும். எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பிறகு கை வைக்காதீர்கள். பால்போல வெளுத்துத் தெரியும், காய்ந்தால் தெளிந்துவிடும். பாதி காய்ந்த இடத்தில் விட்டுப்போனதைச் சரிசெய்யப் போகிறவர்கள்தான் பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறார்கள், ஏனென்றால் அப்போது ரோலர் படலத்தைப் பிய்த்து எடுக்கும். விட்டுப்போனது அடுத்த சுற்றில் மூடிக்கொள்ளும்.

சின்ன நுரை வருவது இயல்பு, ஒரு நிமிடத்தில் உடைந்துவிடும். உடையாமல் அப்படியே காய்ந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: வேகமாக உருட்டியிருக்கிறீர்கள், கோட்டிங் கெட்டியாக இருக்கிறது, அல்லது ஒரே சுற்றில் அதிகமாக ஊற்றியிருக்கிறீர்கள். ஊசிமுனைத் துளைகள் வேறு வகை. நெசவுக்குள் மாட்டிய காற்று மேலே வந்து படலத்தைத் துளைப்பதால் வருபவை அவை. முதல் சுற்றை 50 மைக்ரான் அளவுக்கு மெலிதாக்கி அழுத்தி உருட்டி, இரண்டாவதைத் தடிமனாகப் பூசினால் தீரும். சுற்றுக்குச் சுற்று திசையை மாற்றுங்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் இரண்டாவது. ஐப்பசி, கார்த்திகை மாதச் சென்னையில் நான்கு மணி நேரம் என்றாலும் அவசரப்படாதீர்கள். அடியில் ஈரம் இருக்க மேலே மூடினால் அந்த மங்கல் நிரந்தரம்.

மேட் வேண்டும் என்பதற்காக எல்லாச் சுற்றையும் மேட்டிலேயே பூசுவது பரவலான பழக்கம். வேண்டாம். மேட் கோட்டிங்கில் ஒளியைச் சிதறடிக்கும் சிலிக்காத் துகள் கலந்திருக்கிறது. அது ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரச் சேரக் கறுப்பின் மேல் சாம்பல் பூத்ததுபோலாகும். முதல் சுற்றுகள் கிளாஸ் (பளபளப்பு), கடைசி ஒன்று மட்டும் மேட் அல்லது சாட்டின் (அரைப் பளபளப்பு). கறுப்பின் ஆழம் அப்படியே நிற்கும். சிலிக்கா கனமானது, அடியில் தங்கும். டிரேயில் ஊற்றிய பிறகும் ஐந்து நிமிடத்துக்கொரு முறை கலக்காவிட்டால் படத்தின் ஒரு பாதி மேட்டாகவும் மறுபாதி சாட்டினாகவும் முடியும்.

பிரஷைப் பற்றிச் சுருக்கமாக. 2 அல்லது 3 அங்குல அகலமுள்ள, மென்மையான செயற்கை முடிப் பிரஷ் கேன்வாஸில் பூசக்கூடியதுதான், ஆனால் இழுப்புக் கோடு இருக்கும். ஓவியம்போலத் தோன்றட்டும் என்று ஜெல் பூசித் தீட்டல் தடம் காட்டுபவர்களுக்கு அதுவே வேண்டியது. அவர்களும் முதலில் கரைப்பான் வகை ஸ்ப்ரேயில் ஒரு காப்பு கொடுத்துவிட்டுப் பிரஷைத் தொடுவது நல்லது. பிரஷ் ஒரே இடத்தில் பலமுறை போய்வருவதால் மையைக் கிளறும் வாய்ப்பு ரோலரைவிட அதிகம். ஃபோம் பிரஷ் மலிவு, ஆனால் அதன் கூர்விளிம்பு ஒவ்வொரு இழுப்பின் ஓரத்திலும் ஒரு வரப்பு விட்டுப்போகும். ஓரங்களை, மடிப்புப் பக்கங்களைத் தொட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ரே டின்

ஹானமூலே ப்ரொடெக்டிவ் ஸ்ப்ரே, பிரீமியர் ஆர்ட் பிரிண்ட் ஷீல்டு போன்றவை கரைப்பானில் கரைத்த பிசினை நேரே டின்னில் அடைத்து விற்பவை. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து தாள் பூசுபவருக்கு, அதிலும் மேட் பருத்தித் தாளோ ஆர்.சி. தாளோ என்றால், இதைவிட நல்ல கருவி இல்லை. கம்ப்ரஸர் வேண்டாம், கழுவும் வேலை இல்லை, தாள் நெளியாது. சதுர மீட்டருக்கு ஆகும் செலவு மட்டும் எல்லாவற்றிலும் அதிகம். இந்தப் படலம் மிகவும் மெலிது என்பதையும் தெரிந்து வாங்குங்கள். விரல்தடம், உராய்வு, ஓசோன் இவற்றுக்குத் தடுப்பாகும். ஈரத்துணியால் துடைக்கிற கேன்வாஸ் கோட்டிங்கின் உறுதி இதற்குக் கிடையாது.

உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். தாளைச் சற்றே சாய்ந்த பலகையில் நிறுத்தி, 25 முதல் 30 செ.மீ. தூரத்தில், படத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி மறுபுறம் வெளியே போய் நிறுத்துங்கள். டின்னை மணிக்கட்டால் வீசாமல் தோளிலிருந்து இணையாக நகர்த்துங்கள். வீசினால் நடுவில் கனத்தும் ஓரத்தில் மெலிந்தும் விழும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். பத்து நிமிடம் விட்டு, தாளை 90 பாகை திருப்பி இரண்டாவது, மறுபடி திருப்பி மூன்றாவது. ஈரமாக மினுங்கும் அளவுக்கு ஒரே சுற்றில் அடிப்பதைவிட மூன்று மெல்லிய சுற்று எப்போதும் மேல். முடித்ததும் டின்னைத் தலைகீழாக்கிக் காற்று மட்டும் வரும்வரை அழுத்தி முனையைச் சுத்தமாக்கிவிடுங்கள். அடைபட்ட முனைதான் அடுத்த முறை படத்தின் நடுவே சொட்டு விடுகிறது.

நம் கடலோர ஊர்களில் இந்த வகை ஸ்ப்ரேயின் பெரிய எதிரி ஈரப்பதம். வேகமாக ஆவியாகும் கரைப்பான் மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. 30 பாகை செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீர் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 27 பாகை. மேற்பரப்பு மூன்று பாகை குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீர் படலத்தில் படிந்து, அது வெண்புகைபோல மங்கிவிடும். அதே வெப்பத்தில் ஈரப்பதம் 50 சதவீதமானால் பனிநிலை 18 பாகைக்கு இறங்குகிறது, ஆபத்து அநேகமாக நீங்கிவிடுகிறது. ஆகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை ஸ்ப்ரே டின்னோடு சேர்த்தே வாங்குங்கள். 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று அடிக்காதீர்கள். ஏ.சி. ஓடி உலர்ந்த அறையில் அச்சை வைத்திருந்து, வெளியே எடுத்தவுடன் அடிப்பதும் தவறு. குளிர்ந்த தாள் ஏற்கெனவே பனிநிலைக்கு அருகில் இருக்கும்.

ஸ்ப்ரே கன்

வாரத்துக்குப் பல சதுர மீட்டர் பூசுபவர்களுக்கே கன் கட்டுப்படியாகும். வாங்குவதென்றால் எச்.வி.எல்.பி. வகை. அதிகக் காற்று, குறைந்த அழுத்தம் என்பது அதன் கொள்கை. காற்று வெளியேறும் மூடியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. பழைய உயர் அழுத்தக் கன்களில் கோட்டிங்கின் பெரும்பகுதி படத்தில் மோதித் தெறித்து அறையில் மிதக்கும். இதில் அது குறைவு.

கன் வாங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது காற்றில்தான். முழு அளவு எச்.வி.எல்.பி. கன்னுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 கன அடிக் காற்று தேவைப்படும். கடையில் எளிதில் கிடைக்கும் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸர் அதில் பாதியைக்கூடத் தராது. டேங்க் நிறைந்திருக்கும் முதல் சில விநாடிகள் அழகாக அடிக்கும், பிறகு அழுத்தம் இறங்கித் துளிகள் பருத்துப் படத்தின் மறுபாதி ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமாக முடியும். சிறிய கம்ப்ரஸர்தான் இருக்கிறது என்றால் 0.8 அல்லது 1.0 மி.மீ. நாசில் உள்ள டச்-அப் கன் வாங்குங்கள். அது குறைந்த காற்றில் ஓடும், 60 செ.மீ. வரையுள்ள படத்துக்குப் போதும். கன்னின் பெட்டியில் அச்சிட்ட காற்றுத் தேவையும் கம்ப்ரஸரின் உண்மையான வெளியேற்ற அளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கம்ப்ரஸர் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது உள்ளிழுக்கும் அளவு. வெளியே வருவது அதைவிடக் குறைவு.

டர்பைன் வைத்த எச்.வி.எல்.பி. செட் இந்தக் கணக்கையெல்லாம் தவிர்த்துவிடும். மோட்டார் காற்றைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும், டேங்க் கிடையாது, காற்றில் எண்ணெயோ நீரோ வராது. காற்று சூடாக வருவது மழைக்காலத்தில் நன்மை. சித்திரை வெயிலில் கோட்டிங் படியுமுன் காய்ந்து சொரசொரப்பாகும். புகைப்பட வேலைக்கு மட்டும் புதிதாக வாங்குபவருக்கு நான் டர்பைனையே சொல்வேன். ஏற்கெனவே கம்ப்ரஸர் இருப்பவர் அதன் குழாயில் நீர், எண்ணெய் பிரிப்பானை மாட்டிக்கொண்டு கன்னை மட்டும் வாங்கலாம். அந்தப் பிரிப்பான் இல்லாமல் அடித்தால், ஒரு சொட்டு எண்ணெய் விழுந்த இடத்தைச் சுற்றிக் கோட்டிங் விலகி மீன்கண்போல வட்டம் வட்டமாகத் திறந்து நிற்கும்.

நீர் சார்ந்த கோட்டிங்குக்கு நாசிலும் ஊசியும் கட்டாயம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், சாதாரண எஃகு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். நீர்த்த கோட்டிங்குக்கு 1.0 முதல் 1.3 மி.மீ. நாசில், நீர்க்காததற்கு 1.4. கெட்டித்தன்மையைக் கண்ணால் மதிப்பிடாமல், அடியில் துளையுள்ள ஃபோர்டு கோப்பை எண் 4இல் அளந்து பாருங்கள்: துளையை விரலால் மூடி நிரப்பி, விரலை எடுத்து, ஓட்டம் அறுபடும்வரை 20 முதல் 25 விநாடி என்றால் சிறு நாசிலுக்குச் சரி. அந்த விநாடிக் கணக்கை அறையின் வெப்பத்தோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த டப்பாவுக்கும் அதே முடிவைக் கொண்டுவரலாம். 190 மைக்ரான் காகிதக் கூம்பில் வடிக்காமல் கோப்பையில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

தூரம் 15 முதல் 20 செ.மீ.; டின்னைவிட நெருக்கம். பலகை 60, 70 பாகை சாய்ந்திருக்கட்டும். படுக்கையாக வைத்தால் மிதக்கும் துளிகள் காய்ந்து மேலே விழும், நேர்நிமிர்த்தினால் வழியும். கேன்வாஸில் ஒவ்வொரு சுற்றும் ஈரமாக ஒன்றுசேர வேண்டும்: பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் துளிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே மினுக்கமாக இருக்க வேண்டும். மேட் பருத்தித் தாளில் இதற்கு எதிர்மாறு. முதல் இரண்டு சுற்றும் பனிபோல விழுந்து அதுவாகவே காய வேண்டும், தாள் கறுத்து நனைந்தால் அதிகம் அடித்துவிட்டீர்கள். நல்ல டார்ச் ஒன்றைப் படத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தால் விட்டுப்போன வரிசை, தூசி, வழிவு எல்லாம் அப்போதே தெரியும். இந்த டார்ச் இல்லாமல் கன் அடிப்பது வீண்.

கையில் தடவினால் உப்புத்தாள்போல இருந்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்துவிட்டன: கிட்டப் போங்கள், காற்றைக் குறையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். ஆரஞ்சுத் தோல் என்றால் கோட்டிங் கெட்டி அல்லது காற்று போதவில்லை. கன் துப்பித் துப்பி அடித்தால் நாசிலை இறுக்கிப் பாருங்கள், பிறகு கோப்பை மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். விசிறிபோல விரியும் தூவல் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தால் காற்று மூடியைப் பாதிச் சுற்றுத் திருப்புங்கள். சாய்வும் கூடவே திரும்பினால் அழுக்கு மூடியில், திரும்பாவிட்டால் நாசிலில்.

கம்பி சுற்றிய கோலை, மேயர் ராட் என்பார்கள், படங்களுக்கே பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. முற்றிலும் வழவழப்பான, நீரில் இளகாத மேற்பரப்பு இருந்தால் மட்டும் முடியும். நெசவிலும் பருத்தித் தாளின் சொரசொரப்பிலும் கம்பி மேடுகளைச் சுரண்டும். ஆனால் சோதனைத் துண்டு தயாரிக்க அதைப்போல ஒன்று இல்லை. கோலின் எண் கம்பியின் தடிமனை ஒட்டியது: எண் 10 என்றால் கம்பி 0.25 மி.மீ., ஈரப்படலம் ஏறத்தாழ 25 மைக்ரான். எண் 30 என்றால் 75 மைக்ரான். புதுக் கோட்டிங் ஒன்றை வாங்கினால் இரண்டு கோல்களால் பிளாஸ்டிக் தாளில் இழுத்து வைத்து, கறுப்பு அட்டை மேல் பார்த்தால், எத்தனை மைக்ரானில் அது மங்கத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். ரோலரில் அதற்குக் கீழே நின்றுகொள்ளலாம்.

மூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரைப்பான் ஆவியை என்95 முகக்கவசம் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் அதன்மேல் துகள் வடிகட்டியும் உள்ள கவசம் வேண்டும். நீர் சார்ந்ததைக் கன்னில் அடிக்கும்போதும் துளிகள் நுரையீரலுக்குப் போகும், ஆகவே துகள் வடிகட்டி அங்கும் தேவை. ஸ்ப்ரே டின்னில் வரும் வாயுவும் எரியக்கூடியது: அடுப்பு, ஊதுவத்தி, தீப்பொறி விடும் பழைய மோட்டார் ஃபேன் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. கார் பட்டறையில் பயன்படும் இரண்டு பாக பாலியூரிதேன் கிளியரைப் படத்துக்கு அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது. வெளியிலிருந்து காற்று தரும் கவசம் இல்லாதவர் அதன் பக்கமே போகக் கூடாது.

நீர் சார்ந்த கோட்டிங் அடித்த கன்னைப் பத்து நிமிடம்கூட அப்படியே விடாதீர்கள். மிச்சத்தை ஊற்றிவிட்டு வெதுவெதுப்பான நீரை அடித்து, சோப்பு நீரை அடித்து, மறுபடி நீரை அடியுங்கள். பிறகு ஊசியையும் நாசிலையும் கழற்றி நைலான் பிரஷால் தேயுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் நாசிலின் வட்டம் கெடும். அதன்பின் விசிறி சரியாக விழாது. காய்ந்து ஒட்டியது ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறினால் இளகும். ரோலரை இரண்டு சுற்றுக்கு நடுவில் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் போதும். வேலை முடிந்ததும் எறிந்துவிடுங்கள், கழுவிய ஃபோமின் அடியில் மிஞ்சும் அக்ரிலிக் அடுத்த படத்தில் உதிரும்.

தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் அக்ரிலிக் உள்ளே கெட்டிப்பட வாரக்கணக்காகும். அதுவரை இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் போய்விடும். சட்டத்தில் இழுப்பதற்கு இரண்டு நாளாவது விடுங்கள். அனுப்புவதற்கு ஒரு வாரம். படத்தின் முகத்தில் நேராகக் குமிழித்தாளைச் சுற்றினால், வெயிலில் நின்ற கூரியர் வண்டிக்குள் அக்ரிலிக் இளகி வட்டம் வட்டமாக அச்சு பதிந்துவிடும். சிலிக்கோன் பூசிய ஒட்டாத தாள் ஒன்றை முகத்தில் வைத்து, அதன்மேல் அட்டை, அதற்கு மேல்தான் குமிழித்தாள்.